எந்தத் துறையில் இறங்குவது?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கியப் பேச்சுக்கு வந்தவன் விமானத்தைப் பற்றித் தொடங்குகிறானே என்று நீங்கள் நினைக்கக் கூடாது. விமானத்தில் ஏறினாலும் இந்துக் கல்லூரித் தமிழ் வாத்தியார் தமிழ் வாத்தியார்தான். போதாக்குறைக்கு நான் தீவுப்பகுதியிற் பிறந்தவன். ஊர்காவற்றுறைக் காற்றில் வளர்ந்தவனுக்கு ஆகாயத்திற் பறந்தாலும் நினைவு கடலைத்தான் சுற்றும்.

2023ஆம் ஆண்டு ஒரு தமிழ் ஆய்வரங்குக்காக வெளிநாடு செல்ல நேர்ந்தது. பலாலியிற் புறப்பட்டுச் சென்னை சென்று, அங்கிருந்து பெரிய விமானமொன்றில் ஏறினேன். நள்ளிரவு தாண்டி விமானம் இறங்கியது. ஓடுபாதையை விட்டு விலகி, வளைந்து வளைந்து நிலையக் கட்டடத்தை நோக்கி ஊர்ந்தது. யன்னலால் பார்த்தால் கட்டடத்துக்குள் நிற்பவர்களின் முகங்கூடத் தெரிகிறது. அந்த இடத்தில் விமானம் நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. பக்கத்து ஆசனத்தில் இருந்தவர், அவரும் நம்மவர்தான், பொறுமை இழந்துவிட்டார்.

"இவ்வளவு தூரம் இருட்டுக்குள்ள பிழையில்லாமல் கொண்டு வந்தவருக்கு, இந்த நாற்பது முழம் போகத் தெரியேல்லையோ?" என்றார்.

சிறிது நேரத்தில் விமானியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. தமக்கு ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடத்தில் வழிகாட்டும் விளக்கு எரியவில்லை என்றும், எந்தக் கோட்டிற் செல்வது என்பது உறுதியாகவில்லை என்றும், தரையில் வழிகாட்டுபவர் வரும்வரை காத்திருப்பதாகவும் அவர் சொன்னார். பின்பு இரு கைகளிலும் ஒளிவீசும் கோல்களை ஏந்திய ஒருவர் ஓடிவந்தார். விமானத்தின் முகத்துக்கு நேரே நின்று கைகளை அசைத்தார். அந்தப் பெரிய யந்திரம் அவருடைய கைக்கு அடங்கி, மெல்ல மெல்ல முன்னே வந்தது. அவர் இரு கோல்களையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தார். விமானம் நின்றது.

ஊர் திரும்பிய பின் இந்த விடயம் அறிந்த நண்பர் ஒருவரிடம் விளக்கம் கேட்டேன். விமான நிலையத்தின் ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. தரையில் மஞ்சட்கோடு ஒன்று கீறப்பட்டிருக்கும்; முன்சக்கரம் அந்தக் கோட்டின் மேலே வரவேண்டும். எங்கே நிற்பது என்பதும் விமானத்தின் வகைக்கு ஏற்ப மாறும். சிறியது ஓரிடத்தில் நிற்கும், பெரியது வேறோரிடத்தில் நிற்கும். அப்போதுதான் கதவும் பயணிகள் நடக்கும் பாலமும் பொருந்தும். சில நிறுத்துமிடங்களில் ஒரே இலக்கத்துக்குள் இடது, வலது, நடு என்று மூன்று கோடுகள் இருக்கும். பெரிய விமானம் ஒன்று நடுக்கோட்டில் நிற்கலாம்; அல்லது சிறிய விமானங்கள் இரண்டு இடத்திலும் வலத்திலும் நிற்கலாம். புதிதாக வரும் விமானிக்கு இலக்கம் தெரிந்தாலும் கோடு தெரியாமற் போகலாம். பல பெரிய விமானங்களில் விமானியின் இருக்கையிலிருந்து தம் சிறகின் நுனியைக் காணமுடியாது. ஆகவே வெளியே நின்று பார்க்கும் இன்னொரு கண் வேண்டியிருக்கிறது. அந்தக் கண்தான் கோல் பிடித்து நின்ற மனிதர்.

கைச்சைகைகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விதி இருக்கிறது. 1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கையின் வழி அமைந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அதை வகுத்திருக்கிறது. வழிகாட்டுபவர் எந்த மொழி பேசுபவராயினும், கோல்களைத் தலைக்கு மேலே குறுக்கிட்டால் 'நில்' என்பதுதான் பொருள்.

தெரியாத இடத்தில் தெரியும் என்று நினைத்துச் சென்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி இரவு, தாய்பே விமான நிலையத்தில் புயல் மழைக்கிடையே பெரிய விமானம் ஒன்று, தான் செல்லவேண்டிய ஓடுபாதைக்குப் பக்கத்தில், திருத்தவேலைக்காக மூடப்பட்டிருந்த பாதையிற் புறப்பட்டு, அங்கிருந்த யந்திரங்களில் மோதியது. அதில் இருந்த 179 பேரில் 83 பேர் மாண்டனர். இதை அறிந்த பின்பு, அன்றிரவு எங்களைப் பத்து நிமிடம் காக்கவைத்த விமானிமீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று. 'எனக்கு உறுதியில்லை, யாராவது வந்து காட்டுங்கள்' என்று சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

நேயர்களே, இனி நம்முடைய துறைக்கு வருவோம்.

'துறை' என்பது எத்தனை அழகான சொல்! நீர்நிலையில் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் உரிய இடம் துறை. நம்முடைய கரையோரத்தைப் பாருங்கள்: பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை. நெடுந்தீவுக்குப் போனால் மாவிலித்துறை. இதே சொல்லை நம் முன்னோர் இலக்கியத்துக்கும் வைத்தனர். அகத்திலும் புறத்திலும் துறைகள் உண்டு. கல்வியை முற்றக் கற்றவரைத் துறைபோகியவர் என்கிறோம். பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை இருக்கிறது. கோதாவரியைச் சான்றோர் கவிதைக்கு ஒப்பிட்ட கம்பன், ஆற்றுத்துறையையும் அகத்துறையையும் ஒரே சொல்லிலே பொருத்தினான். கடலாயினும் கவிதையாயினும் கண்ட இடத்தில் இறங்க முடியாது. அதற்கென்று ஓரிடம் இருக்கிறது. அதை அறிந்தவரைக் கேட்டு இறங்கவேண்டும் என்பது அச்சொல்லின் உட்கிடை.

துறையறியாது கலங்கும் கலத்துக்குப் பழந்தமிழர் என்ன செய்தனர்? பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், வானளாவிய மாடமொன்றின் உச்சியில் இரவில் ஏற்றப்பட்ட விளக்கு, கடலில் வரும் கலங்களுக்கு வழிகாட்டுவதைச் சொல்லுகிறார். அகநானூற்றின் 255ஆம் பாட்டிலே, நீகான் என்னும் மாலுமி மாடத்து ஒளியைக் கொண்டு இடமறிந்து கலத்தைச் செலுத்துகிறான். 'கலங்கரை விளக்கம்' என்ற தொடரைச் சிலப்பதிகாரத்திற் காண்கிறோம். இங்கே 'கரை' என்பது கடற்கரையன்று. கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமல்லவா, அதே சொல். கலத்தைக் கரையும் விளக்கம், அதாவது கப்பலைக் கூப்பிடும் விளக்கு என்று பொருள் கொள்வர். 'இங்கே வா, இதுதான் உன் இடம்' என்று ஒரு விளக்கு கூப்பிடுகிறது. கோல்களை ஏந்தி ஓடிவந்த அந்த மனிதரைக் கண்டபோது எனக்கு இந்தத் தொடர்தான் நினைவுக்கு வந்தது.

புறநானூற்றின் 30ஆம் பாட்டில், பாயைக் களையாமலும் பாரத்தை இறக்காமலும் நேரே காவிரியின் புகாருக்குள் புகும் பெருங்கலம் வருகிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாட்டு அது. ஆழமும் வழியும் அறிந்த துறையாதலால் அக்கலம் தயங்கவில்லை. எல்லாத் துறையும் அப்படி அமைவதில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடற் பெரிப்புளுஸ்', மேற்கிந்தியாவின் பரிகாசா என்னும் பரூச் துறையைப் பற்றிச் சொல்லும்போது, வழி ஆபத்தானதால் அரசனின் ஏவலில் உள்ள மீனவர் படகுகளிற் சென்று, அயலார் கப்பல்களை எதிர்கொண்டு அழைத்துவருவர் என்கிறது. எவ்வளவு பெரிய கப்பலாயினும் அந்தக் கடைசித் தூரத்துக்கு ஊர் மீனவன் வேண்டியிருந்தான்.

எங்கள் தீவுகளுக்கும் இத்தகைய பழைய சான்று ஒன்று உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனைப் பதிப்பித்து விளக்கினார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து சேரவேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படவேண்டும் என்று அது கூறுகிறது. அரசனுக்கு ஆனை குதிரை கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பண்டம் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. சிங்கள மன்னன் ஒருவன் தமிழிலே கல்லில் வெட்டுவித்த ஆணை இது. அந்நியனுக்கு முதலில் 'எங்கே இறங்குவது' என்பதைச் சொல்லி, அடுத்து 'கெட்டுப்போனால் உனக்கு என்ன கிடைக்கும்' என்பதையும் சொல்லியிருக்கிறான்.

பின்வந்த போர்த்துக்கேயர் எங்கள் துறையை யானைகளின் துறை என்று தம் மொழியிற் சொன்னார்கள். யானைகள் கப்பலேற்றப்பட்ட இடமது. துறையைக் குறிக்கும் அவர்களது சொல்லே திரிந்து 'கயிற்ஸ்' ஆயிற்று. ஒல்லாந்தர் வந்து தம்முடைய ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைக்கு லைடன், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம், நெடுந்தீவுக்கு டெல்ப்ற். இவற்றுள் டெல்ப்ற் மாத்திரம் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. வந்தவர் எல்லோரும் எங்கள் துறைக்குத் தத்தம் பெயரை வைத்துப் போனார்கள். பெயர் மாறியதே தவிரத் துறை அதேயிடத்தில்தான் இருக்கிறது.

நேயர்களே, இதுவரை புத்தகத்திற் கண்டதைச் சொன்னேன். இனி நான் பட்டதைச் சொல்லுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கந்தான், ஆனாலும் சொல்லவேண்டும்.

2014ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பு மாணவர் 32 பேரை நயினாதீவுக்கு அழைத்துச் சென்றேன். மணிமேகலையிற் கூறப்படும் மணிபல்லவம் நயினாதீவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வேறு கருத்துடையோரும் உளர். எதுவாயினும் அந்த மண்ணிலே வைத்து அக்காப்பியத்தைச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை. பண்ணைத் தாம்போதி தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவானில் வள்ளம் ஏறினோம். இருபது நிமிடக் கடல்.

நயினாதீவுக்குப் போனவர்கள் அறிவார்கள். அங்கே இறங்குதுறை இரண்டு. ஒன்று அம்மன் கோயிலடியில், மற்றது நாகவிகாரையடியில். இரண்டுக்கும் இடையே நடைதூரம்தான். புதியவர்கள் ஒன்றில் இறங்கி மற்றதில் நின்று வள்ளத்தைத் தேடுவது அங்கே அடிக்கடி நடக்கும்.

கோயிலிற் கும்பிட்டு, அன்னதான மடத்திற் சாப்பிட்டு, வேப்பமர நிழலில் மாணவரை இருத்தி மணிமேகலைக் கதையைச் சொன்னேன். உவவனத்தில் உறங்கியவளைத் தெய்வம் எடுத்துக்கொண்டு முப்பது யோசனை தெற்கே வந்து மணிபல்லவத்தில் வைக்கிறது. விடியலில் விழித்தவளுக்கு இடம் தெரியவில்லை. இதுவும் உவவனத்தின் ஒரு பக்கந்தானோ என்று மயங்குகிறாள். சுதமதியைக் கூப்பிடுகிறாள். பதிலில்லை. தெரியாத இடத்தில் இறங்கியவர் படும் தவிப்பைச் சாத்தனார் காட்டியிருக்கிறார். பிறகு தீவதிலகை வந்து 'நீ யார்?' என்று கேட்ட பின்னர்தான் அவளுக்கு அந்தத் தீவிலே ஓர் இடம் உண்டாகிறது.

அதே தீவில் ஆபுத்திரன் கதையும் நடக்கிறது. கையில் அமுதசுரபி இருந்தும், நாடு செழித்ததால் உண்பாரைக் காணாத அவன், பஞ்சத்தில் வாடிய சாவகத்துக்குக் கப்பலேறுகிறான். காற்று மிகுந்ததால் கப்பல் பாயிறக்கி மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகிறது. அவன் இறங்குகிறான். நள்ளிரவில் காற்று வாய்க்கிறது. அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பலைச் செலுத்திவிடுகிறார்கள். ஆளில்லாத் தீவில் அமுதசுரபியோடு தனித்து நின்றவன், பலரைக் காக்கும் பாத்திரத்தை வைத்துத் தன் ஒருவன் வயிற்றை வளர்க்க மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் விடுகிறான்.

இதையெல்லாம் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். மாணவர் விகாரையையும் பார்க்க விரும்பினர். சிலர் போனார்கள், சிலர் கோயிலடியிலேயே நின்றார்கள். "நாலரைக்கு எல்லாரும் இறங்குதுறையில நில்லுங்கோ" என்று சொன்னேன். எந்த இறங்குதுறை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

நாலரைக்குக் கோயிலடியில் வள்ளம் வந்தது. சனம் நெருக்கி ஏறியது. "எல்லாரும் ஏறியாச்சோ?" என்று உரத்துக் கேட்டேன்.

"ஓம் சேர்!" என்று ஒரே குரலிற் பதில் வந்தது.

வள்ளம் நிறைந்துவிட்டதால் விகாரையடிக்குப் போகாமல் நேரே கடலில் இறங்கியது. குறிகட்டுவானில் பஸ்ஸுக்குள் ஏற்றும்போதுதான் தலையை எண்ணினேன். 31. திரும்ப எண்ணினேன். அதே 31.

யார் இல்லை என்று பார்த்தேன். வன்னியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன். அதிகம் பேசமாட்டான். அவனிடம் தொலைபேசி இல்லை. கல்லூரிக்குக் கொண்டுவரக் கூடாதென்று தடுத்தவர்களில் நானும் ஒருவன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் கடலில் ஆள் காணாமற்போவது வெறும் பேச்சன்று. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகில் நடந்த கொலைகளை மறந்தவர் தீவகத்தில் இல்லை. போனவர் திரும்பவில்லை என்றால் எங்களுக்கு மனம் முதலில் கெட்டதைத்தான் நினைக்கும்.

வள்ளக்காரரிடம் ஓடினேன். "அண்ணை, ஒரு பொடியனை விட்டிட்டு வந்திட்டன்" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஏறுங்கோ மாஸ்ரர்" என்றார். திரும்பிப்போன இருபது நிமிடமும் அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "கோயிலடிக்கோ, விகாரையடிக்கோ?"

எனக்குத் தெரியவில்லை.

விகாரையடிக்குப் போனோம். துறையில் அவன் இல்லை. புழுக்கொடியல் விற்ற ஆச்சி ஒருத்தி கடகத்தைக் கட்டிக்கொண்டிருந்தா. "வெள்ளைச் சேட்டுப் போட்ட தம்பியோ? ஒரு சோடா வாங்கிக் குடுத்தனான், குடிக்கமாட்டன் எண்டிட்டுது. அங்க பாருங்கோ" என்று கையைக் காட்டினா. இரண்டு துறைக்கும் இடையே கரையோரத்தில், இரண்டு பக்கமும் தெரியக்கூடிய ஒரு மேட்டில் அவன் நின்றான். என்னைக் கண்டதும் நடந்து வந்தான். அழவில்லை. நான்தான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"பயந்திட்டியோடா?" என்று கேட்டேன்.

"இல்லை சேர். நீங்கள் திரும்பி வருவியள் எண்டு தெரியும். எந்தத் துறைக்கு வருவியள் எண்டுதான் தெரியேல்லை. அதுதான் நடுவில நிண்டனான்" என்றான்.

வள்ளத்தில் என் பக்கத்தில் இருந்து வரும்போது மெதுவாகச் சொன்னான். 2009இல் அந்தச் சனநெருக்கத்துக்குள் பெற்றோரைத் தவறவிட்டு, சில நாட்கள் தனித்திருந்து, பிறகு சேர்ந்தவன் அவன். தவறிப்போனால் ஓடித்திரியக் கூடாது, தேடி வருபவர்கள் காணக்கூடிய இடத்தில் நிற்கவேண்டும் என்று தாயார் சொல்லிக் கொடுத்திருந்தா. அவனுக்குத் தெரிந்திருந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. மரநிழலில் இருத்தி ஆபுத்திரன் கதை சொன்னவன் நான். சொல்லி இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை. அதே தீவில், அதே பிழையை, நானே செய்தேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. மணிமேகலையை எடுத்து, ஆபுத்திரன் கதையின் மீதியைத் தேடி வாசித்தேன். சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறந்த ஆபுத்திரன் பின்னாளில் மணிபல்லவத்துக்கு வருகிறான். தன் பழைய உடம்பின் எலும்பை மணலுக்குள்ளே காண்கிறான். அங்கே வேறு எலும்புகளும் கிடக்கின்றன. அவை யாருடையவை என்று தீவதிலகை சொல்லுகிறாள். அவனை விட்டுச் சென்ற கப்பலில் இருந்த வணிகர் ஒன்பதின்மர், அவன் ஏறவில்லை என்பதை உணர்ந்து அவனைத் தேடித் திரும்பி வந்தார்கள். அவன் இறந்துகிடக்கக் கண்டு, தாமும் அங்கேயே உயிர் விட்டார்கள். நான் எத்தனையோ வருடம் கற்பித்த காப்பியம் இது. வகுப்பில் இந்த இடத்தை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துபோவது என் வழக்கம். அன்றிரவு என்னாற் கடந்துபோக முடியவில்லை. அந்த வணிகரும் 'எல்லாரும் ஏறியாச்சோ' என்று கேட்டிருப்பார்கள். 'ஓம்' என்றுதான் பதில் வந்திருக்கும்.

நேயர்களே, அந்தக் கேள்வியில் ஒரு கோளாறு இருக்கிறது. 'எல்லாரும் ஏறியாச்சோ' என்ற கேள்விக்கு ஏறியவர்கள் மாத்திரமே பதில் சொல்ல முடியும். ஏறாதவனுக்கு அந்தக் கேள்வி கேட்பதே இல்லை. வகுப்பறையிலும் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பாடத்தை முடித்து 'விளங்கிச்சோ?' என்று கேட்பேன். 'ஓம் சேர்' என்று குரல் வரும். விளங்கியவர்களின் குரல் அது. விளங்காதவன் பின்வாங்கில் இரண்டு துறைக்கும் நடுவே நின்றுகொண்டிருப்பான். நான் அடுத்த பாடத்துக்கு வள்ளத்தை விட்டுவிடுவேன்.

அதற்குப் பிறகு என் வழக்கம் மாறிற்று. எங்கே போனாலும் இடாப்பைக் கொண்டுபோய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பாடம் முடிந்தால் பொதுவாகக் கேட்பதில்லை. ஒவ்வொருவனாகப் பார்த்து, விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுகிறேன். நேரம் கூடத்தான் போகிறது. பாடத்திட்டம் பின்னுக்குப் போகிறது என்று சொல்பவர்களும் உண்டு. போகட்டும்.

வெளியூரில் அந்த நள்ளிரவில் விமானம் கட்டடத்துக்கு முன்னே நின்றபோது, பக்கத்து ஆசனக்காரர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கோ அந்தப் பிள்ளை மேட்டில் நின்ற கோலம் கண்ணுக்குள் வந்து நின்றது. கடல் கடப்பதற்கு யந்திரமும் காற்றும் உதவும். இறங்கும் இடத்தில் ஒரு மனிதர் வேண்டும். விளக்கேற்றி அழைப்பவர், படகில் எதிர்கொண்டு வருபவர், 'நீ யார்' என்று கேட்கும் தீவதிலகை, கோல்களைக் குறுக்கே பிடித்து 'நில்' என்பவர், சோடா வாங்கிக் கொடுக்கும் ஆச்சி: இவர்களில் யாரோ ஒருவர் வேண்டும்.

நம்மவர்கள் இன்று உலகத்தின் எத்தனையோ துறைகளில் இறங்கியிருக்கிறார்கள். எத்தனையோ பேர் இறங்கத் தெரியாமல் நிற்கிறார்கள். 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அன்று விமானம் வந்தது. நெடுங்காலத்துக்குப் பின் ஊர் பார்க்க வருபவர்கள் இப்போது அவ்வழியாகவும் வருகிறார்கள். ஊர்காவற்றுறைக்குப் போகப் பஸ் எங்கே எடுப்பது, குறிகட்டுவானில் நெடுந்தீவு வள்ளம் எது, நயினாதீவு வள்ளம் எது என்று அவர்கள் நம்மைக் கேட்பார்கள். பிறந்த ஊரிலேயே வழி கேட்கிறார்களே என்று சிரியாதீர்கள். கேட்பதற்கு அவர்களுக்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டியிருக்கும் என்பதை எண்ணுங்கள். கையைக் காட்டி, 'அங்கே' என்று மாத்திரம் சொல்லாமல், எந்தத் துறை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த மாணவன் இன்று நிலஅளவை படித்து உத்தியோகத்தில் இருக்கிறான். சென்ற தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான். போகும்போது படலையடியில் நின்று, "சேர், இப்பவும் இடாப்புக் கூப்பிடுறியளோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.